சுமதி அப்பாவுக்கு ஒரு சிலிண்டர்

இன்னொருத்தர் ஓட்டிப் பழகிய டேட்டாபேஸில் வேலை பார்ப்பது, இன்னொருத்தர் வீட்டுச் சமையலறையில் போய்க் காபி போடுவது மாதிரி. எல்லா டப்பாவும் இருக்கும். சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் சீரகம் இருக்கும். கேட்கலாம் என்றால் வீட்டுக்காரி ஊரிலேயே இருக்க மாட்டாள். இந்த அவஸ்தைப்பட்ட புண்ணியவான்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நிம்மதியாகப் போய்த் தூங்கலாம்.

ஒரு மத்தியானத்தில் பதவியேற்பு

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் ஒரு கேஸ் ஏஜென்சி. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் நடத்தினார். ஊரே அவரை மேஜர் சார் என்றுதான் கூப்பிடும். அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த டில்லிபாபுவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. அம்பத்தூரில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. தற்காலிகமாகத்தான். "வேலையைப் பார்த்துட்டு ஆர்டர் தர்றேன்" என்றார் மேஜர் சார்.

அந்த ஆர்டர் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. அந்த வருஷக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். ஆனதும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். கோவில்பதாகையில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். வீட்டுக்காரர் கறாரான ஆள். "குடும்பத்துல யாராச்சும் ஒருத்தருக்கு பர்மனென்ட் வேலை இருக்கணும். ஆர்டரைக் காட்டுங்க, சாவியை வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார். தம்பி இன்னும் படித்துக்கொண்டிருந்தான். ஆக, அந்தக் குடும்பத்துல யாராச்சும் என்பது நான்தான்.

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். கர்ப்பகிரகம் மாதிரி உள்ளே ஏ.சி., கறுப்புத் திரை, பச்சை எழுத்து. வாடிக்கையாளர்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். டில்லிபாபு விமானம் ஏறும் அவசரத்தில் இருந்தார். எந்தெந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, எது எதற்கு என்று நான் நோட்டும் பேனாவுமாகக் கேள்வி கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நீ எதையும் தொடாத வரைக்கும் எல்லாம் சூப்பரா ஓடும்மா."

கரண்டு போனால்

தொடாமல் இருக்க நான் தயார்தான். ஆவடியில் கரண்டு அப்படி விடுமா? ஒரு தரம் போய் வந்தால் டேட்டாபேஸுக்குத் தன் வாடிக்கையாளர்கள் யாரென்றே மறந்துவிடும். ஒவ்வொருவரையும் முதலில் இருந்து வரிசைப்படுத்திக்கொண்டு உட்காரும். திரையில் ஒரு புள்ளி விழும். கொஞ்சம் யோசித்து இன்னொரு புள்ளி விழும். நான் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு என்ன செய்ய?

வெளியே வரிசை தபால் நிலையம் வரை நீண்டுவிடும். என்னைப் பார்த்தால் பெண்ணொருத்தி ஏ.சி.யில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பது மாதிரித்தான் அவர்களுக்குத் தெரியும். கோபம் வராதா? வேப்பம்பட்டில் இருந்து மின்சார ரயிலில் வந்த ஒருவர் ஜன்னலில் தலையை விட்டு, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோபமே இல்லாமல் கேட்டார்: "இன்னாமா, மிஷினும் துன்னப் பூட்ச்சா?"

ஜபல்பூருக்கு ஒரு லோடு

சிலிண்டர் போடுகிறவர் முனுசாமி அண்ணன். மூன்று சக்கர வண்டியில் சிலிண்டர்களை அடுக்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். காலையில் நான் அச்சடித்துக் கொடுக்கும் சீட்டுகள்தான் அவருக்கு வேதம்.

நான் சேர்ந்த புதிதில், குவார்ட்டர்ஸில் மூன்றாம் மாடி வரை முழுச் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனால் அந்த வீட்டில் வேறு யாரோ இருப்பார்கள். பழைய குடும்பம் புக் பண்ணிவிட்டு, முறை வருவதற்குள் மாற்றலாகி ஜபல்பூர் போயிருக்கும். திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்குவார். இரண்டாவது தரம், மூன்றாவது தரம் என்று இது தொடர்ந்தது. நானும் தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். அந்த டேட்டாபேஸில் ஒருவரை டெலீட் செய்தால் அவர் அழிய மாட்டார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும், அவ்வளவுதான். ஒரேயடியாக அனுப்ப இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். டில்லிபாபு அதைக் கொடுக்கவே இல்லை. சீட்டு அச்சடிக்கும்போது நட்சத்திரம் உள்ளவர்களைத் தன் கையாலேயே பொறுக்கிக் கிழித்துப் போட்டுவிடுவாராம். இதை எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் மஸ்கட்டா கோபித்துக்கொண்டிருக்கும்?

இந்த விவரத்தையெல்லாம் நான் முனுசாமி அண்ணனிடம் பொறுமையாக விளக்கினேன். அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில் சொன்னார்: "அதெல்லாம் சர்தான் எழிலு, இப்ப இத்த இன்னா பண்றது? ஜபல்பூருக்கு மிதிச்சிகினே போவட்டா?"

நீயே சாட்சி

அந்த ப்ரோக்ராம் பம்பாயில் எழுதியது. உள்ளே திறந்து பார்க்க முடியாமல் பூட்டிக் கொடுத்திருந்தார்கள். அதில் பெயருக்கு ஒரு கட்டம், சர்நேமுக்கு ஒரு கட்டம். நம் ஊரில் யாருக்கு ஐயா சர்நேம்? அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நம் கதை முடிந்தது. ஆனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் கீ கீ என்று கத்தும். அடுத்த கட்டத்துக்கு நகராது. டில்லிபாபு அதில் எதையோ போட்டு நிரப்பி வைத்திருந்தார். வாயை அடைக்கப் போட்ட குப்பை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒருநாள் ஓர் அம்மா வந்தார். கையில் கேஸ் புத்தகம் இல்லை. "புக்கு பீரோல கீது. சாவி அவராண்ட கீது. அவரு டூட்டில கீறாரு" என்றார். புத்தகம் இருந்தால் நம்பரை அடிக்கலாம். இல்லாவிட்டால் பெயர். தெருவைக் கேட்டுக்கொண்டு, "பேர் சொல்லுங்க" என்றேன். "சுமதி" என்றார். அடித்தேன். அந்தத் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை. "சுமதி பேர்லயா கனெக்ஷன்?" "அய்ய, அது எம் பொண்ணு. கனெக்சன் அவரு பேர்ல." "அவர் பேர் என்ன?" அவ்வளவுதான். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். பின்னால் நின்ற பெண்களும் சிரிக்கிறார்கள். "அதெப்டிமா நா சொல்றது? டில்லி இந்த மாரி கேக்கவே மாட்டாரே. சுமதினு தட்டுவாரு, வந்துகினும்."

எங்கே தட்டுவார்? எனக்குச் சட்டென்று அந்தக் குப்பைக் கட்டம் ஞாபகம் வந்தது. சர்நேமில் சுமதி என்று தேடினேன். வந்து நின்றது: தெரு, கதவு எண், பெயர் டி.தணிகாசலம், சர்நேம் சுமதி அப்பா. கீழே பார்த்தால் பாபு அப்பா, மல்லிகா அப்பா, ஸ்டெல்லா அப்பா என்று ஒரு ஊரே இருக்கிறது. சிலிண்டர் புக் பண்ண வருகிறவர்கள் பெண்கள். கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அந்த மனுஷன் மூத்த பிள்ளையின் பெயரைக் கேட்டு வாங்கிப் போட்டு வைத்திருக்கிறார்! இதையும் சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தணிகாசலம் தானே?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பாத்தியா, மிஷினே சொல்லிட்ச்சு. நா சொல்லல, நீயே சாட்சி."

நாய் வெளியே போகணும்

அந்த நிம்மதிக்கு ஆயுசு கம்மி. கேஸ் கம்பெனியில் இருந்து ஆபீசர் ஒருவர் சோதனைக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மூக்குக் கண்ணாடி, சிவப்புப் பேனா. வாடிக்கையாளர் பட்டியலை அச்சடிக்கச் சொன்னார். மேஜர் சார் பக்கத்தில் விறைப்பாக நின்றார். ஆபீசர் படித்துக்கொண்டே வந்தார். சர்நேம் கட்டத்தில் பேனா நின்றது.

அப்பாக்கள் கூடப் பரவாயில்லை. பிள்ளை இல்லாத வீடுகளுக்கும் கீ கீ கத்தலை அடக்க டில்லிபாபு கைக்கு வந்ததைப் போட்டிருந்தார். மாடி வீடு. புளியமரம் எதிரே. மிலிட்டரி மீசை. முனுசாமி அண்ணனின் சீட்டிலும் அதுவே அச்சாகும், வழி கண்டுபிடிக்க வசதி. ஆபீசர் சத்தமாக வாசித்தார்: "வி.ராமலிங்கம், நாய் கடிக்கும்." கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இது என்னம்மா, குடும்பப் பேரா?" அடுத்த தடவை வரும்போது ஒவ்வொருவருக்கும் அப்பா பெயரைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருடைய ஜீப் தெருமுனை தாண்டியதும் மேஜர் சார் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அப்பா ரிட்டயர் ஆகும் மாசமும் ஆபீசர் திரும்பி வரும் மாசமும் ஒன்றுதான் என்பது எனக்குத்தான் தெரியும். மேஜர் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "எழில், அந்த நாய் வெளியே போகணும். போச்சுன்னா ஆர்டர் உள்ளே வரும்."

நாய்க்குப் படிக்கத் தெரியாது

பழைய விண்ணப்பங்களை மூட்டை மூட்டையாக அவிழ்த்தேன். தூசி, தும்மல், மங்கிப்போன கார்பன் எழுத்து. டேட்டாபேஸை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பிரதியில் ஒவ்வொரு அப்பாவாக எடுத்துவிட்டு அந்த அப்பாவின் அப்பாவைப் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டைத் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வீட்டுக்குப் போனால் கண்ணை மூடினாலும் பச்சை எழுத்து ஓடும். அம்மா, "இன்னும் ஆர்டர் வரலியாடி?" என்று கேட்பாள். அப்பா காலண்டரில் தேதியைக் கிழித்துக்கொண்டிருப்பார். அது அதைவிடக் கஷ்டம்.

ஒரு வழியாக முடிந்தது. மேஜர் சாருக்கு ஒரே சந்தோஷம். உடனே அந்தப் பிரதியில் இருந்தே சீட்டு அச்சடிக்கச் சொன்னார். அன்றைக்கு முனுசாமி அண்ணன் ராமலிங்கம் வீட்டுக்குப் புதிதாகத் துணைக்கு வந்தவரை அனுப்பினார். வழக்கமாக அந்த வீட்டில் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். சீட்டில் ராமலிங்கத்தின் அப்பா பெயர்தான் அழகாக இருந்தது. வந்தவர் கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார். நல்லவேளை, லுங்கியோடு போயிற்று. கிழிந்த லுங்கியையும் சீட்டையும் என் மேஜை மேல் கொண்டுவந்து வைத்துவிட்டு முனுசாமி அண்ணன் சொன்னார்: "லிஸ்ட்டு சோக்காத்தான் கீது எழிலு. ஆனா அத்த இன்னும் நாயி படிக்கலியே."

திருத்தணி மலை மேல் இருப்பவர்

அதன் பிறகு இரண்டையும் வைத்துக்கொண்டேன். தினசரி வேலைக்கு டில்லிபாபுவின் டேட்டாபேஸ். ஆபீசர் வந்தால் காட்ட என்னுடையது. மேஜர் சாரிடம் சொல்லவில்லை. ராணுவத்தில் இருந்தவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

ஆபீசர் வந்தார். என்னுடையதை ஏற்றி, பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை. மேஜர் சாரின் மீசை சிரித்தது. எனக்கு உயிர் வந்தது. கோவில்பதாகை வீட்டின் சாவி கண்ணுக்கே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஆபீசருக்கு ஒரு ஆசை. "எழுந்திரும்மா, நானே கவுண்டரைக் கொஞ்சம் பார்க்கறேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னலில் அடுத்த ஆள் யார்? சுமதி அம்மா.

"பேர்?" என்றார் ஆபீசர். "சுமதி" என்றார் அந்த அம்மா. கம்ப்யூட்டர் இல்லை என்றது. "வீட்டுக்காரர் பேர் சொல்லும்மா." முந்தானை வாய்க்குப் போயிற்று. நான் வாயைத் திறந்தேன். "நீங்க சும்மா இருங்க. கஸ்டமர் சொல்லட்டும்" என்றார். "புக்கையாவது குடும்மா." "பீரோல கீது சார், சாவி அவராண்ட..." ஆபீசர் குரலை உயர்த்தினார். அந்த அம்மாவும் உதவத்தான் பார்த்தார். "திருத்தணி மல மேல கீறாரே சார், அவரு பேருதான்." வரிசைக்கு உற்சாகம் வந்துவிட்டது. முருகன் என்றார் ஒருவர். ஆபீசர் தட்டினார், திரை கொள்ளாமல் முருகன்கள். அந்த அம்மா தலையை ஆட்டினார், இல்லையாம். சுப்பிரமணி! இல்லை. ஆறுமுகம்! இல்லை. வேலு, கந்தசாமி, சண்முகம் என்று ஆளுக்கொரு பக்கம் கூவ, ஆபீசர் விடாமல் தட்டினார். ஏ.சி. அறையில் அவருக்கு வியர்த்தது. கடைசியில் கைகளை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இத்தனை நாள் எப்படித்தாம்மா பண்ணீங்க?"

போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. வீடும் வேண்டாம், ஆர்டரும் வேண்டாம். ஒரு பொம்பளையை வெயிலில் நிறுத்தி வைத்து இது என்ன கூத்து? மேஜர் சாரை நான் பார்க்கவே இல்லை. டில்லிபாபுவின் டேட்டாபேஸை ஏற்றினேன். சர்நேமில் சுமதி. தணிகாசலம் வந்தார். "ஆங், அவருதான்!" என்று ஜன்னலில் குதித்தார் சுமதி அம்மா. ஆபீசர் சுமதி அப்பா என்ற எழுத்தை வாய்விட்டுப் படித்தார். பிறகு என் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்து, மேஜர் சாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இந்த லிஸ்ட் எங்க ஆபீசுக்கு. மிஷின்ல அது அப்படியே இருக்கட்டும். என் வீட்டுலயும் சிலிண்டர் புக் பண்றது என் சம்சாரம்தான். கல்யாணம் ஆனதுல இருந்து அவ என் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை."

ஒரே ஒரு எழிலரசி

ஆர்டர் வந்தது. மேஜர் சார் அதை ஒரு சல்யூட்டோடு கொடுத்தார். அன்று மாலையே அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்க் கோவில்பதாகைச் சாவியை வாங்கி வந்தார். திரும்பி வந்து சாவியை என் கையில் வைத்தார். என் தட்டில் தானே சாதம் போட்டார்.

வீடு மாறினால் கேஸ் முகவரியையும் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கை நான் அதுவரை திரையில் பார்த்ததே இல்லை. ஊழியர் வீட்டுப் புக்கிங்கை மேஜர் சார் தானே நம்பரைப் போட்டு முடித்துவிடுவார். நாங்கள் கை வைக்கக்கூடாது என்பது அவர் சட்டம். அப்பா பெயர்களைத் திருத்தியபோதும் எங்கள் வீட்டுக் கணக்கை அவரேதான் திருத்தினார். முகவரி மாற்றத்துக்கு மட்டும் ஆள் நேரில் வர வேண்டும். அம்மா வந்தாள். சலுகையெல்லாம் கிடையாது, வரிசையில் நின்றுதான் ஜன்னலுக்கு வந்தாள். மூட்டை கட்டிய வீட்டில் புத்தகம் எந்த மூட்டையில் என்று தெரியவில்லையாம். எனக்கு ஒரு குறும்பு. கண்டிப்பான குரலில், "யார் பேர்ல கனெக்ஷன்? பேரைச் சொல்லுங்க" என்றேன்.

அம்மா முறைத்தாள். "அப்பா பேரு உனக்குத் தெரியாதாடி?" "கஸ்டமர்தான் சொல்லணும்" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னாள். நானும் தேடினேன். அந்தக் கட்டத்தில் அந்தப் பெயரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். நான் அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதற்கு எத்தனையோ நாள் முன்பே டில்லிபாபு என்னை உள்ளே உட்கார வைத்திருக்கிறார். திரை கலங்கித் தெரிந்தது. அம்மா ஜன்னலில் சொன்னது இதுதான்: "இத்தனை வருஷமா உன் பேரைச் சொல்லித்தாண்டி வாங்குறேன், எழிலரசின்னு போட்டுப் பாரு."

அடுத்தவர் டேட்டாபேஸை எடுத்து நடத்துவது என்றால், முதலில் அவரை வாய் வலிக்கத் திட்டிவிட்டு, பிறகு அவர் செய்ததையே செய்து, அடுத்து வருகிறவர் வாயில் நாமும் விழுவதற்கு ரெடியாக இருப்பதுதான்.